ஸ்கேன் அறை அண்ணி

என் அண்ணிமேல் எனக்கு ஆயிரம் குறை உண்டு. நாத்தனார் என்று ஒருத்தி இருந்தால் குறை இல்லாமல் இருக்குமா? ஆனால் வேறு யாராவது அவளைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துச் சொல்லட்டும், அப்புறம் என் வாயிலிருந்து வருவதைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. அவளைத் திட்டுகிற உரிமை எனக்கு மட்டும்தான். அதை நான் யாருக்கும் வாடகைக்கு விடுவதில்லை.

எங்கள் இரண்டு பேருக்கும் வேலை ஒரே கட்டடத்தில். அவள் உள்ளே ஸ்கேன் மெஷினை இயக்குகிறாள். நான் வாசலில் வரவேற்பு மேஜையில் இருந்துகொண்டு, வருகிறவர்களைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறேன். வீட்டுக்கு வந்தாலும் விமோசனம் கிடையாது. கீழ் வீட்டில் நான், மாடி வீட்டில் அண்ணனும் அண்ணியும் அவர்களுடைய மகளும். பகலெல்லாம் பார்த்த முகத்தையே சாயங்காலமும் பார்த்து, "என்ன அண்ணி, சாப்பிட்டாச்சா?" என்று கேட்க வேண்டும். ஆகவே அவளைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

எங்கள் இடம் ஆஸ்பத்திரியின் பின்பக்கம், மூன்றாவது மாடி. வைத்தியம் பார்க்கிற இடம் இல்லை, ஆராய்ச்சி செய்கிற இடம். வைத்தியம் கீழே முதல் மாடியில். இளம்பிள்ளைகளுக்கு வருகிற பைபோலார் என்கிற இருமுனைக் கோளாறைப் பற்றித்தான் இங்கே ஆராய்ச்சி. கொஞ்ச நாள் தூக்கம் வேண்டாம், சாப்பாடு வேண்டாம், உலகத்தையே புரட்டிப் போட்டுவிடுவேன் என்று பிள்ளை துள்ளும். அப்புறம் கொஞ்ச நாள், தலைமாட்டில் இருக்கிற தண்ணீரை எடுத்துக் குடிக்கக்கூடத் தெம்பில்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடக்கும். எல்லாப் பிள்ளைகளும்தானே துள்ளும், எல்லாப் பிள்ளைகளும்தானே சோர்ந்து போகும் என்று நீங்கள் கேட்கலாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். இது அந்தத் துள்ளல் இல்லை. பிள்ளையை அடித்துப் போட்டுவிட்டுப் போகிற துள்ளல். இந்தப் பிள்ளைகளின் மூளை எப்படி வளர்கிறது, மற்றப் பிள்ளைகளின் மூளையிலிருந்து எங்கே வித்தியாசப்படுகிறது என்று பல வருஷமாகப் படம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் படத்தை எடுப்பவள்தான் என் அண்ணி.

அந்த மெஷின் ஒரு பெரிய காந்தம். அந்த அறைக்குள் இரும்பு எதுவும் போகக் கூடாது. சாவி, சில்லறை, பெல்ட், ஹேர்பின் என்று ஒன்றுவிடாமல் வாசலிலேயே கழற்றி வாங்கி வைத்துவிடுவாள். இந்தப் பழக்கம் வீடு வரைக்கும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. யாராவது ஆசையாகக் கட்டிப்பிடிக்க வந்தால்கூட அண்ணியின் கை முதலில் அவர்களுடைய பாக்கெட்டைத் தடவிப் பார்க்கும். கல்யாணமான புதிதில் அவள் காதிலும் கையிலும் ஒன்றுமே இல்லாததைப் பார்த்துவிட்டு, ஒரு மோதிரம் வாங்கித் தரக்கூட வக்கில்லாத கஞ்சன் என்று என் அண்ணனைப் பற்றித் தெருவெல்லாம் சொல்லி வைத்தேன். அவன் பாவம், பேக்கரியில் ரொட்டி சுடுகிறவன், மாவு ஒட்டிய கையோடு வந்து, "ஏன்டி இப்படி என் மானத்தை வாங்குறே?" என்று கேட்டான். நகை பெட்டி நிறைய இருந்ததாம். அவள்தான் போட்டுக்கொள்வதில்லையாம்.

படம் எடுக்கும்போது தலை அசையக் கூடாது. மெஷினோ ஆணி அடிப்பதுபோலவும் தகரத்தைத் தரையில் இழுப்பதுபோலவும் சத்தம் போடும். அந்தச் சத்தத்தில், ஒரு குறுகிய குழாய்க்குள் அசையாமல் படுத்திருப்பது பெரியவர்களுக்கே வயிற்றைக் கலக்கும். அதனால் பக்கத்து அறையில் ஒரு பொய் மெஷின் வைத்திருக்கிறார்கள். பலகையால் செய்தது, காந்தம் கிடையாது, சத்தம் மட்டும் ஸ்பீக்கரில் வரும். பிள்ளைகள் முதலில் அதில் படுத்துப் பழக வேண்டும். உள்ளே கார்ட்டூன் ஓடும். தலை அசைந்தால் கார்ட்டூன் நின்றுவிடும், அசையாமல் இருந்தால் மறுபடி ஓடும்.

ஒரு தடவை ஒரு பையன் வந்தான். மனசு உச்சத்தில் இருந்த நேரம். நீர்மூழ்கிக் கப்பல் கட்டப் போவதாக என் மேஜையிலேயே ஆரம்பித்துவிட்டான். எனக்கும் அதில் ஒரு சீட்டு தருவதாகச் சொன்னான். வேண்டாம்பா, எனக்குத் தண்ணீர் என்றாலே பயம் என்றேன். பொய் மெஷினில் படுக்க வைத்தால் கார்ட்டூன் ஓடவே இல்லை. நின்றது நின்றபடி இருந்தது. பையன் குழாயை உதைத்துக்கொண்டு எழுந்தான்.

"உங்க மெஷின் ரிப்பேர்! சும்மா சும்மா நிக்குது!"

வேறு யாராவது என்றால் அவனை அதட்டியிருப்பார்கள். நானாக இருந்தால் கட்டாயம் அதட்டியிருப்பேன். அண்ணி, "ரிப்பேரா? அப்படியா? கொஞ்சம் நகரு, நானும் படுத்துப் பார்க்கிறேன்" என்று செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். படுத்துக்கொண்டு வேண்டுமென்றே தலையை ஆட்டினாள். கார்ட்டூன் நின்றது.

"ஐயய்யோ, எனக்கும் நிக்குதேடா!"

"அக்கா, நீங்க தலையை ஆட்டுறீங்க."

"நானா? நான் எங்க ஆட்டினேன்?"

"ஆட்டினீங்க, நான் பார்த்தேன். மேல ஒரு இடத்தையே பாருங்க. மூச்சை மெதுவா விடுங்க. அவசரப்படாதீங்கக்கா, வரும்."

அரை மணி நேரம் அவன் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தான். அண்ணி மண்டூகம் மாதிரி தப்புத் தப்பாகச் செய்தாள். கடைசியில் பொறுமை இழந்து, "எந்திரிங்க, நான் செஞ்சு காட்டுறேன்" என்று அவனே படுத்துக்கொண்டான். கார்ட்டூன் ஓடியது. அவனுடைய அம்மா என் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், மகன் இவ்வளவு நேரம் சும்மா இருந்து பல மாசம் ஆயிற்று என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எங்களிடம் ஒரு டாக்டர் அம்மா இருக்கிறார். பிள்ளைகளைத் தனியாக உட்கார வைத்து மணிக்கணக்கில் கேள்வி கேட்பது அவர் வேலை. அதனால் அவருக்கு நான் வைத்த பெயர் கேள்வி டாக்டர். அவர் அண்ணியைப் பற்றி எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார்: "துள்ளுற பிள்ளைங்க படமெல்லாம் கலங்கிப் போச்சுன்னு தூக்கிப் போட்டுட்டா, அடங்கிக் கிடக்கிற பிள்ளைங்களைப் பத்தி மட்டும்தான் நமக்குத் தெரியும். இந்தக்கா இருக்கிறதாலதான் அவங்க படமும் நமக்குக் கிடைக்குது." அன்றைக்கு அண்ணியின் தலை எங்கள் வீட்டு வாசல் நிலையில் இடிக்காமல் உள்ளே வந்ததே பெரிய விஷயம்.

படம் எடுத்து முடித்ததும் பெற்றவர்கள் எல்லாரும் அவளிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். என் பிள்ளைக்கு இருக்கிறதா இல்லையா, படத்தில் தெரிந்துவிட்டதா என்று. அவளும் அலுக்காமல் ஒரே பதிலைத்தான் சொல்லுவாள். "ஒரு பிள்ளையோட படத்தை மட்டும் வெச்சு யாராலயும் சொல்ல முடியாதும்மா. நிறையப் பிள்ளைங்க படத்தைச் சேர்த்து வெச்சுப் பார்த்தாதான் ஏதோ சின்ன வித்தியாசம் தெரியும். உங்க பிள்ளைக்கு எப்படி இருக்குன்னு உங்க பிள்ளையைத்தான் கேக்கணும்." இதைக் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். அவளுக்குத் தொண்டை கட்டிய நாளில் நானே மேஜையிலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

இப்படி ஒரு ஆராய்ச்சிக்கு நோயுள்ள பிள்ளைகள் மட்டும் போதாது. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத பிள்ளைகளும் வேண்டும். அவர்கள்தான் கிடைக்கவே மாட்டார்கள். நன்றாக இருக்கிற பிள்ளையை எந்த மகராசி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வருவாள்? அதனால் எங்கள் இடத்தில் பிள்ளை பெற்றவர்கள் யாரும் தப்பிக்க முடியாது. கூட்டிப் பெருக்கும் அம்மாவின் பேரன், கணக்கர் மகள், டிரைவருடைய மச்சினன் என்று எல்லாரையும் பிடித்துப் போட்டாயிற்று. எனக்குப் பிள்ளை இல்லை என்று தெரிந்தும், தெருவில் யாராவது இருக்கிறார்களா என்று என்னைக் கேட்டார்கள். நான் என்ன பிள்ளை பிடிக்கிறவளா?

அப்போதுதான் அண்ணி தலையை நிமிர்த்திச் சொன்னாள்: "ஏன், என் பொண்ணு இல்லையா? அவளைவிட ஆரோக்கியமான பிள்ளை எங்க தேடினாலும் கிடைக்காது."

அவள் மகளுக்குப் பதினாறு முடிந்து பதினேழு நடக்கிறது. வீட்டில் சிட்டு என்று கூப்பிடுவோம். நிற்கிற இடத்தில் நிற்க மாட்டாள், அதனால் வந்த பெயர். அந்தச் சமயத்தில் சிட்டு பறந்துகொண்டிருந்தாள் என்றே சொல்ல வேண்டும். மாடி வீட்டுச் சுவர் முழுக்க அவளே பெயிண்ட் அடித்தாள். மூன்று அறைக்கு மூன்று நிறம். ஒரே சமயத்தில் கிட்டார் கற்றுக்கொண்டாள், வேறொரு பாஷை கற்றுக்கொண்டாள், பழைய சைக்கிள்களை வாங்கிச் சரிசெய்து விற்கும் கம்பெனி ஆரம்பிக்கப் போவதாகச் சொன்னாள். அவள் பேசுகிற வேகத்தில் நடுவில் ஒரு 'ம்' போடக்கூட இடம் கிடைக்காது. நாங்கள் எல்லாரும் அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினோம். அதற்கு முன்னால் ஒரு மாசம் போல அவள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாளே, அதை யாரும் நினைக்கவில்லை. பரீட்சைக் களைப்பு என்று அண்ணி சொன்னாள். தினமும் இதே மாதிரிப் பிள்ளைகளோடு பழகுகிறவள் அவள். ஆனால் அங்கே வருவதெல்லாம் அடுத்தவர் பிள்ளைகள் அல்லவா?

வழக்கமாக முதலில் கேள்வி, அப்புறம்தான் படம். அன்றைக்குக் கேள்வி டாக்டர் லீவு, ஒரு பிள்ளை வராததால் மெஷினும் சும்மா இருந்தது. நேரத்தை ஏன் வீணாக்க வேண்டும் என்று படத்தை முதலில் எடுத்துவிட்டார்கள். சொந்தப் பிள்ளைக்குத் தானே எடுக்கக் கூடாது என்று பேச்சுக்கு ஒரு விதி இருக்கிறது. வேறு ஆளும் இல்லை, அண்ணி விடுகிற ஆளும் இல்லை. எடுத்து முடித்து வெளியே வந்தவள் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. என்னை அவள் கூப்பிடுவதே வாயாடி என்றுதான்.

"வாயாடி, இங்க வா. இத்தனை வருஷத்துல இப்படி ஒரு அசையாத படம் நான் எடுத்ததே இல்ல. ஒரு இழை அசையலைடி என் தங்கம்!"

சிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கழற்றி வைத்த ஹேர்பின்களைத் தலையில் குத்திக்கொண்டாள். இரண்டு பின் நழுவிக் கீழே விழுந்தன. குளிர் அறையிலிருந்து வந்தால் எல்லாருக்கும் விரல் மரத்துப் போகும்.

அடுத்த வாரம் கேள்வி டாக்டர் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். நோயில்லாத பிள்ளைகளுக்கு இந்தப் பேட்டி சீக்கிரம் முடிந்துவிடும். உள்ளே போன சிட்டு வெளியே வரவே இல்லை. மதியச் சாப்பாட்டு நேரமும் தாண்டிப் போனது. பிறகு கதவு திறந்தது. டாக்டர் என்னிடம், "அக்காவைக் கொஞ்சம் கூப்பிடுங்க" என்றார். அந்தக் குரலை நான் வேறு அம்மாக்களுக்காகக் கேட்டிருக்கிறேன். ஓடிப் போய்ச் சொன்னேன். அண்ணி வந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "நீயும் வா" என்று உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

சிட்டு நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை.

"அக்கா, சிட்டுவை நோயில்லாதவங்க பக்கம் சேர்க்க முடியாது. பல நாளா இவ சரியா தூங்கலை. மனசு ஓடுற வேகத்துக்கு இவளால ஈடுகொடுக்க முடியலை. அதுக்கு முன்னாடி அடியோட விழுந்து கிடந்திருக்கா. காலையில எந்திரிக்காமலே போயிட்டா நல்லா இருக்கும்னு சில நாள் நினைச்சிருக்கா. இப்போ அந்த நினைப்பு இல்லைன்னு சொல்றா. இதையெல்லாம் உங்ககிட்ட சொல்லச் சொன்னதும் அவதான்."

அண்ணி சிட்டுவைப் பார்க்கவில்லை. டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பைபோலாரான்னு இன்னைக்கு ஒரே நாள்ல முடிவு சொல்ல மாட்டேன். அதைக் கீழே டாக்டர் பார்த்துத்தான் சொல்லணும். ஆனா தள்ளிப் போடக் கூடாதுக்கா. நாளைக்கே காட்டுங்க. உங்க சம்மதம் இல்லாம அங்க மருந்து ஆரம்பிக்க மாட்டாங்க."

"இல்ல டாக்டர்" என்றாள் அண்ணி. "உங்களுக்கு ஏதோ தப்பா தோணுது. இவ படத்தை நான்தானே எடுத்தேன்? எவ்வளவு சுத்தமா வந்திருக்கு தெரியுமா? பிள்ளை ஏதோ வேகத்துல பேசியிருப்பா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்த வாயால் இதைச் சொல்கிறாள்? அண்ணி சிட்டுவின் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு, "வா கண்ணு, போகலாம்" என்று நடந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் நான் மாடி வீட்டுக்குப் போனேன். சிட்டு தன் அறைக்குப் போய்விட்டாள். நான் மெதுவாக அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை. "பேக்கரிக்கு விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிடறேன்ல? அப்ப எல்லாம் அவ முழிச்சிட்டுதான் இருப்பா. எனக்கு டீ போட்டுக் குடுப்பா. என் பொண்ணு எனக்காக எந்திரிக்கிறான்னு நினைச்சுக்கிட்டேன்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அண்ணி அடுப்படியிலிருந்து, "சும்மா இருங்க, ஆளாளுக்கு என் பொண்ணைப் பைத்தியமாக்காதீங்க" என்று கத்தினாள். அந்த வீட்டில் அந்த வார்த்தை அதுவரை ஒலித்ததே இல்லை. ஸ்கேன் அறையில் யாராவது அப்படிச் சொன்னால் முதலில் சண்டைக்குப் போகிறவள் அவள்தான்.

மறுநாள் அண்ணி சிட்டுவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். கீழே முதல் மாடிக்குக் கூட்டிப் போகவில்லை. டாக்டர் இரண்டு தடவை வந்து பேசிப் பார்த்தார். "யோசிக்கிறேன் டாக்டர்" என்று சொல்லிவிட்டு மெஷின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு உள்ளுக்குள் கொதித்தது. ஒரு நாள் பொறுத்தேன், இரண்டு நாள் பொறுத்தேன். அதற்கு மேல் என் உடம்பு தாங்காது. மூன்றாம் நாள் மத்தியானம், நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று உள்ளே போனேன்.

மெஷின் அறைக்கு முன்னால் இருக்கிற கண்ணாடி அறையில், அண்ணி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டு டப்பா திறக்காமல் இருந்தது. திரையில் சிட்டுவின் படம். அதற்குப் பக்கத்தில் வேறு யாருடைய படமோ. சொந்தக்காரர்கள் படத்தைத் திறந்து பார்ப்பது பெரிய குற்றம் எங்கள் இடத்தில். அவள் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு அடுக்காக நகர்த்தி நகர்த்தித் தேடிக்கொண்டிருந்தாள்.

"பாரு, வாயாடி. இது நோயில்லாத பிள்ளை படம். இது நம்ம சிட்டு. ஒரு வித்தியாசமாவது இருக்கா சொல்லு."

எனக்கு இரண்டுமே குறுக்கே வெட்டிய காலிஃபிளவர் மாதிரிதான் இருந்தது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் கண்ணைப் பார்த்ததும் நான் கொண்டுவந்த நாலு வார்த்தையும் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. அந்தக் கண்ணில் மூன்று நாள் தூக்கம் பாக்கி இருந்தது.

"அண்ணி, படத்துல தெரியாதுன்னு எனக்கே நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

"தெரியாதுதான். எனக்குத் தெரியாதா? ஆனா ஒண்ணும் இல்லைன்னாவது தெரியுதுல்ல? ஒண்ணும் இல்லைன்னு தெரியுதுல்ல?"

"அதுவும் தெரியாதும்மா."

திரும்பிப் பார்த்தோம். வாசலில் சிட்டு நின்றுகொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் வந்துவிட்டிருந்தாள், பை இன்னும் தோளில் இருந்தது. அம்மா தன் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாளோ தெரியாது.

"அசையாம இருந்தேன்னு சந்தோஷப்பட்டீல்லம்மா" என்றாள். "எப்படி இருந்தேன் தெரியுமா? உள்ள என்னென்னமோ ஓடிச்சு. இறங்கி ஓடணும் போல இருந்துச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன். வீட்டுலயும் அப்படித்தான் இருக்கேன். உனக்கு நல்ல படம் வேணும்னு."

அண்ணி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அங்க மெஷினுக்குள்ள படுக்க வெச்சு முகம் முகமா காட்டினீங்களே, எந்த முகம் கோவமா இருக்கு, எது சும்மா இருக்குன்னு பட்டனை அழுத்தச் சொல்லி? எனக்கு எல்லா முகமும் கோவமாத்தான் தெரிஞ்சுது. உன் முகமும் அப்படித்தாம்மா தெரியுது. நீ டிவி பார்த்துட்டு சும்மா உட்கார்ந்திருந்தாக்கூட என் மேல கோவமா இருக்கிறியோன்னு தோணும். அதான் உன்கிட்ட சொல்லலை. டாக்டர் கேட்டாங்க, சொல்லிட்டேன். நீ கேக்கவே இல்லையேம்மா."

அந்தப் பிள்ளைகளில் சிலருக்கு அப்படித் தெரிகிறது என்றும், அதைத்தான் இந்த ஆராய்ச்சியில் பார்க்கிறார்கள் என்றும் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? எங்கள் சிட்டுவின் வாயிலிருந்து கேட்டபோது, அதுவரை நான் அறியாத செய்தி மாதிரி இருந்தது.

அண்ணி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி இரண்டு படத்தையும் மூடினாள். எழுந்து போய் மகளின் தோளிலிருந்து பையை வாங்கிக் கீழே வைத்தாள். கட்டிப்பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுச் சிட்டுவை உட்கார வைத்து, இன்னொன்றை எதிரில் இழுத்துப் போட்டுத் தானும் உட்கார்ந்தாள்.

"சொல்லு" என்றாள். "முதல்லேருந்து சொல்லு. நான் நடுவுல பேச மாட்டேன்."

நான் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு, அதற்கு முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வந்தவர்கள் எல்லாரிடமும் மெஷின் ரிப்பேர் என்று சொன்னேன். கணக்கர் வந்து, "ரிப்பேர்னா எனக்கில்ல முதல்ல சொல்லணும்?" என்று சட்டம் பேசினார். நான் அவரைப் பார்த்த பார்வையில், அவசர வேலை ஞாபகம் வந்தவர் மாதிரி திரும்பிப் போய்விட்டார். உள்ளேயிருந்து சிட்டுவின் குரல் மட்டும் வேகமாக, நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. அண்ணியின் குரல் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பல வருஷத்தில் முதல் தடவையாக அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் மூன்று பேரும் முதல் மாடிக்குப் போனோம். அண்ணனும் வருவதாகத்தான் இருந்தது. பேக்கரியில் விடவில்லை. ஒரு பை நிறையச் சுடச்சுட பன் கொடுத்து அனுப்பியிருந்தான், ஆஸ்பத்திரிக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை அவனுக்கு. போகிற வழியில் கேள்வி டாக்டர் எதிரே வந்தார். சிட்டு அவரை நிறுத்தி, தன் படத்தைத் தூக்கிப் போட வேண்டாம், நோயுள்ளவர்கள் பக்கம் என்றால் அந்தப் பக்கமே சேர்த்துக்கொள்ளுங்கள் என்றாள். முதலில் உடம்பைப் பார்த்துக்கொள், மற்றதை அப்புறம் பேசலாம் என்று டாக்டர் அவள் கன்னத்தைத் தட்டினார். அண்ணியின் கையை ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டு நின்றார்.

முதல் மாடியில் அண்ணியைத் தெரியாதவர்கள் கிடையாது. மேஜையில் இருந்த பையன் எழுந்து நின்று, "என்னக்கா, யாரோட ரிப்போர்ட் வேணும்? சொல்லியிருந்தா நானே மேல கொண்டு வந்திருப்பேனே" என்றான். நாற்காலிகளில் காத்திருந்த பெற்றவர்களில் பாதிப்பேர் அவள் ஆறுதல் சொல்லி அனுப்பியவர்கள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணி ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பிவிடுவாளோ என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. திரும்பினால் அவளை என்ன செய்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

"ரிப்போர்ட்டுக்கு வரலைப்பா" என்றாள். குரலைத் தணிக்கவில்லை. "என் பொண்ணுக்கு டாக்டரைப் பார்க்கணும். இவதான் என் பொண்ணு."

சுவரோரம் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, ஒன்றும் கேட்காமல், தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியைக் காலி செய்தாள். அண்ணி அதில் உட்கார்ந்தாள். சிட்டு அவள் காலுக்குப் பக்கத்திலேயே நின்றாள். நான் பன்னை எடுத்து நீட்டினேன். இரண்டு பேரும் வேண்டாம் என்றார்கள். அங்கே இருந்த பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்துத் தீர்த்தேன்.

கூப்பிட்டார்கள். கதவுக்கு முன்னால் போனதும் சிட்டு நின்றுவிட்டாள். அம்மாவின் முகத்தையே பார்த்தாள். அண்ணியின் முகம் கல் மாதிரி இறுகிப் போயிருந்தது, எனக்கே பார்க்கப் பிடிக்கவில்லை.

"அம்மா, என் மேல கோவமா?"

இந்தக் கேள்வியை அந்தப் பிள்ளை மனசுக்குள் எத்தனை தடவை கேட்டிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை. அண்ணி அவள் பக்கம் முழுசாகத் திரும்பினாள்.

"கோவம் இல்லடி. பயமா இருக்கு."

சிட்டு அந்த முகத்தை மறுபடியும் உற்றுப் பார்த்தாள். புதுசாகப் பார்க்கிற மாதிரி, இங்கும் அங்குமாகத் தேடித் தேடிப் பார்த்தாள்.

"எனக்கும்தாம்மா" என்று சொல்லி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.